பாடத்தை டிராப் செய்வதா, டபிள்யூ வாங்குவதா, இன்கம்ப்ளீட் கேட்பதா? அமெரிக்காவில் படிக்கும் எஃப்-1 மாணவர்களுக்கான வழிமுறை

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் பி.இ. முடித்து அமெரிக்காவுக்கு எம்.எஸ். போகிற மாணவரிடம் ஒரு பழைய தைரியம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பாடம் கைவிட்டாலும் அடுத்த நவம்பரிலோ ஏப்ரலிலோ அரியர் எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் அது. அமெரிக்காவில் அரியர் தேர்வு கிடையாது. ஃபெயில் ஆன பாடத்தை மறுபடி பதிவுசெய்து, கட்டணத்தை முழுவதும் மறுபடி கட்டி, முதல் வகுப்பிலிருந்து உட்கார வேண்டும். முதலில் வாங்கிய எஃப் பெரும்பாலும் ட்ரான்ஸ்கிரிப்டிலேயே, அதாவது மதிப்பெண் பதிவேட்டிலேயே, நிற்கும். இளநிலை மாணவர்களுக்குப் பழைய கிரேடை மாற்றிக்கொள்ளும் சலுகையைப் பல இடங்களில் தருகிறார்கள். முதுநிலையில் இரண்டு கிரேடையும் சேர்த்தே கணக்கிடுவது சகஜம்.

அரியருக்குப் பதிலாக அங்கே இருப்பவை மூன்று வழிகள்: தடயமில்லாமல் பாடத்தை டிராப் செய்வது, டபிள்யூ (விலகினார் என்ற குறி) வாங்கிக்கொண்டு விலகுவது, இன்கம்ப்ளீட் (மிச்ச வேலையைப் பிறகு முடிக்க அவகாசம்) கேட்பது. மூன்றுக்கும் கெடு உண்டு. கெடு கடந்தபின் காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் வேலை பல மடங்கு கடினமாகிவிடும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவருக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. முழுநேர அளவுக்குக் கீழே இறக்கும் எதையும் போர்ட்டலில் க்ளிக் செய்வதற்கு முன், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் விசாப் பதிவுகளைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவின் அனுமதி வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் படிப்புச் சிக்கல் விசாச் சிக்கலாகிவிடும்.

முதலில் தேதிகள்

செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தின் அகடமிக் காலண்டரைத் திறந்து நான்கு தேதிகளை ஃபோனில் நினைவூட்டலாக வையுங்கள். ஆட்-டிராப் (பாடங்களைச் சேர்க்கவும் விடவும் தரும் காலம்) முடியும் நாள், முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், டபிள்யூவோடு விலகக் கடைசி நாள், வகுப்புகள் முடியும் நாள்.

15, 16 வாரம் நடக்கும் செமஸ்டரில் ஆட்-டிராப் பெரும்பாலும் முதல் ஒன்று, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதற்குள் விட்ட பாடம் ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறவே ஏறாது. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபால், ஸ்ப்ரிங் செமஸ்டர்களின் 12ஆம் வகுப்பு நாளில் மாணவர் பதிவை அரசுக் கணக்குக்காக எண்ணுகிறார்கள், சம்மரில் 4ஆம் வகுப்பு நாளில். அந்த நாளுக்குப் பின் விட்டால் பதிவிலும் தடயம் இருக்கும், கட்டணமும் திரும்பாது. டபிள்யூவுக்கான கடைசி நாள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பொதுவாக மிட்டெர்ம் தேர்வை ஒட்டியோ அதற்குச் சில வாரம் கழித்தோ வரும். எட்டு வாரப் பாடம், ஐந்து வார சம்மர் பாடம் என்றால் எல்லாத் தேதிகளும் அதே விகிதத்தில் சுருங்கும். சம்மரில் ஒரு வாரம் யோசித்தாலே கெடு போய்விடும்.

குறியீடுகளும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விலகிய பாடத்துக்கு க்யூ, முடிக்காத பாடத்துக்கு எக்ஸ். வேறு பல இடங்களில் டபிள்யூ, ஐ. சீனியர் படித்தது வேறு பல்கலைக்கழகம் என்றால் அவர் சொல்லும் எழுத்தையும் தேதியையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேட்டலாகில் கிரேடு விளக்கம் என்றே ஒரு பக்கம் இருக்கும்.

டாலஸ், ஹூஸ்டன் பக்கம் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இளநிலை படிக்கும்போது இன்னொரு வரம்பைப் பார்க்க வேண்டும். 2007 ஃபாலிலோ அதற்குப் பிறகோ முதன்முறையாகச் சேர்ந்தவர்கள், டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றையும் சேர்த்து, மொத்தம் ஆறு பாடங்களுக்கு மேல் டிராப் செய்யக் கூடாது என்பது மாநிலச் சட்டம். கம்யூனிட்டி காலேஜில் விட்ட பாடமும் இதில் சேரும். முதுநிலைக்கு இந்த வரம்பு இல்லை.

டபிள்யூவா, எஃப்பா: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

டபிள்யூ விழுந்தால் வேலை கிடைக்காது என்று பயந்து, தேறாத பாடத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. டபிள்யூ ஜிபிஏவில், அதாவது கிரேடுகளின் சராசரியில், சேராது, எஃப் சேரும். இரண்டும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதை எண்ணில் பார்த்தால்தான் புரியும்.

மூன்று பாடங்கள், ஒவ்வொன்றும் 3 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஏ மைனஸ் (3.7), இன்னொன்றில் பி (3.0), மூன்றாவதில் எஃப் (0). மொத்தப் புள்ளி 11.1 + 9 + 0 = 20.1. இதை 9 கிரெடிட்டால் வகுத்தால் 2.23. மூன்றாவது பாடம் டபிள்யூவாக இருந்தால் 20.1ஐ 6ஆல் வகுக்க வேண்டும், ஜிபிஏ 3.35.

முதுநிலையில் பெரும்பாலான துறைகள் 3.0 கேட்கும். அதற்குக் கீழே போனால் ப்ரோபேஷன், அதாவது எச்சரிக்கை நிலை. எஃப் வாங்கியவர் அடுத்த செமஸ்டரில் 9 கிரெடிட் எடுத்து 3.0க்கு ஏற வேண்டுமானால் 18 கிரெடிட்டுக்கு 54 புள்ளி வேண்டும், அதாவது மிச்சம் 33.9. இரண்டு ஏ, ஒரு பி ப்ளஸ் வாங்கினால் சரியாக 3.0ஐத் தொடுவார். ஒரு கிரேடு இறங்கினாலும் ப்ரோபேஷன் தொடரும். அந்த செமஸ்டர் முழுக்க இந்த அழுத்தத்தில் போகும், இன்டர்ன்ஷிப் தேடுவதும் அதே மாதங்களில்தான்.

இந்தக் கணக்குக்கு விசா கோணத்திலும் கனம் உண்டு. எஃப்-1 படிப்புக்குப் பல்கலைக்கழகம் தரும் ஆவணமான ஐ-20இல் உள்ள முடிவுத் தேதிக்குள் படிப்பு முடியாவிட்டால் நீட்டிப்பு கேட்க வேண்டும். படிப்பு சார்ந்த தவிர்க்க முடியாத காரணமோ உடல்நலக் காரணமோ இருந்தால் டிஎஸ்ஓ நீட்டிக்கலாம். ஆனால் ப்ரோபேஷனாலோ சஸ்பென்ஷனாலோ வந்த தாமதத்தை ஏற்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. ஒரே ஒரு டபிள்யூவுக்கு அப்படி ஒரு பின்விளைவு கிடையாது. எனவே மிட்டெர்ம் முடிந்து, மிச்சமுள்ள தேர்வுகளில் நீங்கள் நிஜமாகவே வாங்கக்கூடிய மதிப்பெண்ணைப் போட்டுப் பார்த்தும் பி வரவில்லை என்றால், டபிள்யூ வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து. ட்ரான்ஸ்கிரிப்டில் வரிசையாக நான்கைந்து டபிள்யூ இருந்தால்தான் பார்ப்பவர் கேள்வி கேட்பார்.

டிஎஸ்ஓவிடம் என்ன கேட்பது

எஃப்-1 இளநிலை மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முதுநிலையில் முழுநேரம் என்பது எத்தனை கிரெடிட் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும், பல இடங்களில் அது 9. நீங்கள் 12 கிரெடிட் எடுத்திருந்து ஒன்றை விட்டால் 9 மிஞ்சும், விசாவுக்குப் பிரச்சினை இல்லை. முதல் செமஸ்டரில் கட்டணம் தாங்கும் என்றால் ஒரு பாடம் கூடுதலாக எடுக்கச் சொல்கிற சீனியர்கள் இதனால்தான் சொல்கிறார்கள்.

9இலிருந்து 6க்கு இறங்குவதாக இருந்தால் ரெட்யூஸ்ட் கோர்ஸ் லோட், சுருக்கமாக ஆர்சிஎல், அனுமதி வாங்க வேண்டும். டிஎஸ்ஓ அதைச் செவிஸில் (சர்வதேச மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவில்) பதிவுசெய்து புது ஐ-20 தந்த பிறகுதான் பாடத்தை விட வேண்டும். முன் அனுமதி இல்லாமல் முழுநேர அளவுக்குக் கீழே போனவர் ஸ்டேட்டஸ் (சட்டப்படியான மாணவர் நிலை) இழந்தவராகக் கருதப்படுவார். போர்ட்டல் உங்களைத் தடுக்காமல் விட்டுவிடலாம், அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆர்சிஎல்லுக்கு விதி ஏற்கும் காரணங்கள் மிகக் குறைவு.

படிப்பு சார்ந்தவை: ஆங்கிலத்திலோ பாடவாசிப்பின் அளவிலோ தொடக்கத்தில் ஏற்படும் சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, உங்கள் நிலைக்குப் பொருந்தாத பாடத்தில் போடப்பட்டது. இவற்றில் ஒன்றை உங்கள் அட்வைசர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட் மிஞ்ச வேண்டும். ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு ஒரே ஒரு முறைதான் இது கிடைக்கும். அடுத்த செமஸ்டரில், சம்மர் நீங்கலாக, முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். ‘ஜிபிஏ குறைந்துவிடும்’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. ‘பணம் இல்லை’ என்பதும் இல்லை. எது உண்மையோ அதைச் சொல்லுங்கள், ஆனால் விதியின் சொற்களோடு பொருந்தும் உண்மை உங்களிடம் இருந்தால் அதை முன்னால் வையுங்கள். பி.இ. சிவில் படித்தவரை முன்பாடம் இல்லாமல் மெஷின் லேர்னிங் உயர்நிலைப் பாடத்தில் போட்டிருந்தால் அது பொருந்தாத நிலைதான், அட்வைசர் அதை எழுதித் தரலாம்.

உடல்நலம், மனநலம்: இதில் 6 கிரெடிட் என்ற கீழ்வரம்பு இல்லை, தேவையானால் ஒரு பாடமும் எடுக்காமல் இருக்கலாம். ஒரு பட்டநிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை அனுமதி உண்டு, ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக வாங்க வேண்டும். கடிதம் தர வேண்டியவர் உரிமம் பெற்ற மருத்துவர், ஆஸ்டியோபதி மருத்துவர் அல்லது சைக்காலஜிஸ்ட். நர்ஸ் பிராக்டிஷனரும் வளாகக் கவுன்சிலரும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. கடிதம் திரும்பி வருவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், கடிதத்தில் ‘சிகிச்சையில் இருக்கிறார்’ என்று மட்டும் இருப்பது. எந்த செமஸ்டருக்கு, படிப்புச் சுமையை எவ்வளவு குறைக்கப் பரிந்துரைக்கிறார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். கேம்பஸ் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும் என்பதால் உடம்போ மனதோ சரியில்லை என்று தெரிந்த வாரமே பதிவு செய்யுங்கள். மனநலத்துக்காக ஆர்சிஎல் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, விதி இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது.

கடைசி செமஸ்டர்: பட்டத்துக்கு மிச்சமிருப்பது ஒரு பாடமோ இரண்டு பாடமோ என்றால் அதை மட்டும் எடுக்கலாம், இதற்கும் ஆர்சிஎல் வேண்டும். மிச்சம் ஒரே பாடம் என்றால் அது ஆன்லைன் பாடமாக இருக்கக் கூடாது.

ஆன்லைன் விதி மற்ற செமஸ்டர்களிலும் காலை வாரும். முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். இரண்டு நேரடி வகுப்பு, இரண்டு ஆன்லைன் என்று 12 கிரெடிட் எடுத்தவர் நேரடி வகுப்பு ஒன்றை விட்டால், தாளில் 9 கிரெடிட் இருக்கும், விசாக் கணக்கில் 6 தான். எந்தப் பாடத்தை விடுகிறோம் என்பதையும் டிஎஸ்ஓவிடம் சொல்லிக் கேளுங்கள்.

டிஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) வேலையில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தையும் எடுத்து வாசிக்க வேண்டும். முழுநேரப் பதிவு இருந்தால்தான் கட்டண விலக்கு என்று எழுதியிருந்தால், ஒரு பாடத்தை விட்டதற்காக மொத்தக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறலாம்.

இன்கம்ப்ளீட் எப்போது பொருந்தும்

பாடம் பிடிபடவில்லை என்றால் இன்கம்ப்ளீட் உதவாது. பெரும்பகுதி வேலை முடிந்து, முடித்தவற்றில் தேறும் மதிப்பெண்ணும் இருந்து, கடைசிக் கட்டத்தில் உங்கள் கையில் இல்லாத ஏதோ ஒன்று குறுக்கிட்டால்தான் இது பொருந்தும். ஃபைனல் வாரத்தில் ஆஸ்பத்திரி, ஊரில் மரணம், விபத்து போன்றவை. ஆறாவது வாரத்திலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டவருக்கு இது கிடைக்காது, கிடைத்தாலும் முடிக்க முடியாது.

கேட்கும் முறையில்தான் பாதி வெற்றி. சிலபஸில் இன்கம்ப்ளீட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து பேராசிரியருக்கு எழுதுங்கள். பாடத்தின் எண்ணும் பிரிவும், என்ன நடந்தது என்று இரண்டு வரி, இதுவரை ஒப்படைத்தவற்றின் பட்டியல், மிச்சம் என்ன, எந்தத் தேதிக்குள் முடிப்பீர்கள், என்ன ஆவணம் இருக்கிறது. இவ்வளவு போதும். குடும்பக் கஷ்டத்தை நீட்டி எழுதுவதைவிட ‘ஜனவரி 20க்குள் ப்ராஜெக்ட் அறிக்கை, பிப்ரவரி 5க்குள் ஃபைனல்’ என்ற வரி அவரைச் சீக்கிரம் சம்மதிக்க வைக்கும். ஏனென்றால் கிரேடு போட வேண்டிய கெடு அவருக்கும் இருக்கிறது. வகுப்புகள் முடியும் நாளுக்கு முன் கேட்டுவிடுங்கள். கிரேடு ஏறிய பிறகு அதை இன்கம்ப்ளீட்டாக மாற்றப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாய்ச்சம்மதத்தோடு நிறுத்தாதீர்கள். பல இடங்களில் இதற்கென ஒப்பந்தப் படிவமே உண்டு. மிச்சமுள்ள வேலை, ஒவ்வொன்றின் எடை, கெடு, முடிக்காவிட்டால் என்ன கிரேடாக மாறும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். படிவம் இல்லாத துறையில் இதே நான்கையும் மின்னஞ்சலில் எழுதி, ‘சரி’ என்ற பதிலை வாங்கி வையுங்கள். பேராசிரியர் சபாட்டிக்கல் போனாலோ வேறு பல்கலைக்கழகம் மாறினாலோ துறைத் தலைவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கிரேடு போடுவார்.

கெடு முடிந்தும் முடிக்காவிட்டால் பல இடங்களில் தானாக எஃப் ஆகிவிடும். சில இடங்களில் அடுத்த செமஸ்டர் முடிவுவரை நேரம், சில இடங்களில் ஒரு வருடம். பேராசிரியர் சொன்ன தேதியும் பல்கலைக்கழகக் கெடுவும் வேறாக இருந்தால் எது முன்னால் வருகிறதோ அதுதான் உங்கள் கெடு.

மூன்று இடங்களில் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். முதலாவது, இன்கம்ப்ளீட் பாடத்தை முடிப்பதற்காக அதையே அடுத்த செமஸ்டரில் மறுபடி பதிவு செய்வது. அப்படிச் செய்தால் அது புதுப் பாடமாகிவிடும், புதுக் கட்டணமும் வரும். இரண்டாவது, பழைய பாடத்தின் மிச்ச வேலையை அடுத்த செமஸ்டரின் முழுநேரக் கணக்கில் சேர்ப்பது. அது சேராது, 9 புதுக் கிரெடிட் தனியாக வேண்டும். அதனால் அடுத்த செமஸ்டரில் உண்மையில் நான்கு பாடச் சுமை இருக்கும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். மூன்றாவது, கடைசி செமஸ்டரில் இன்கம்ப்ளீட் வாங்குவது. பட்டம் தள்ளிப்போகும், ஐ-20 முடிவுத் தேதியும் ஓபிடி (படிப்பு சார்ந்த வேலை அனுமதி) திட்டமும் அதோடு அசையும். கடைசி செமஸ்டரில் இதைக் கேட்பதற்கு முன் டிஎஸ்ஓவைப் பார்த்தே ஆக வேண்டும். நீட்டிப்பு தேவைப்பட்டால் அது ஐ-20 காலாவதி ஆவதற்கு முன் நடக்க வேண்டும்.

எல்லாப் பாடங்களையும் விட்டு ஊருக்குப் போவதானால்

போர்ட்டல் பொதுவாகக் கடைசிப் பாடத்தை டிராப் செய்ய விடாது. முழு விலகலுக்குத் தனிப் படிவம் உண்டு. டிஎஸ்ஓ அனுமதியோடு விலகினால் நாட்டை விட்டுப் புறப்பட 15 நாள் அவகாசம். அனுமதியில்லாமல் நின்றுவிட்டால் அவகாசமே இல்லை. படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைக்கும் 60 நாளை இதோடு குழப்பிக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள்.

ஐந்து மாதத்துக்குள் திரும்பினால் பழைய செவிஸ் பதிவையே உயிர்ப்பிக்க வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டினால் புது ஐ-20, புது செவிஸ் எண், 350 டாலர் ஐ-901 (செவிஸ்) கட்டணம் மறுபடி. சிபிடி (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைக்கான அனுமதி), ஓபிடிக்குத் தேவையான ஒரு கல்வியாண்டும் புதிதாக எண்ணப்படும். ஒரு செமஸ்டர் விடுப்பு எடுத்தாலே ஐந்து மாதம் சுலபமாகக் கடந்துவிடும் என்பதால் திரும்பும் தேதியைப் புறப்படுவதற்கு முன்பே டிஎஸ்ஓவோடு உட்கார்ந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

பணம் எவ்வளவு திரும்பும் என்பதற்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் நல்ல உதாரணம். ஃபால், ஸ்ப்ரிங் செமஸ்டரில் முழுவதும் விலகுபவருக்கு முதல் வகுப்பு நாளுக்கு முன் 100 சதவீதம், முதல் ஐந்து வகுப்பு நாட்களில் 80, அடுத்த ஐந்தில் 70, அதற்கடுத்த ஐந்தில் 50, நான்காவது ஐந்தில் 25, பிறகு ஒன்றுமில்லை. ஊரில் வங்கிக் கல்விக்கடன் எடுத்து வந்தவர் ஒரு வாரம் தாமதித்தாலே பெருந்தொகை போய்விடும்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள பிள்ளைகளுக்கு விசாக் கவலை இல்லை, கூட்டாட்சி நிதியுதவிக் கவலை உண்டு. டபிள்யூவும் இன்கம்ப்ளீட்டும் ‘முயன்ற கிரெடிட்’ கணக்கில் சேரும், ‘முடித்த கிரெடிட்’ கணக்கில் சேராது. பொதுவாக முயன்றதில் 67 சதவீதம் முடித்திருக்க வேண்டும், பட்டத்துக்கான கிரெடிட்டில் 150 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. செமஸ்டரில் 60 சதவீதம் கடப்பதற்குள் முழுவதும் விலகினால் பெற்ற உதவியில் ஒரு பகுதி திரும்பிப் போகும். அந்தத் தொகைக்குப் பல்கலைக்கழகம் உங்களிடம் பில் அனுப்பலாம்.

கெடு கடந்துவிட்டால்

வகுப்புக்குப் போகாமல் இருந்தால் தானாகப் பெயர் நீங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். பெயர் இருக்கும், எஃப் விழும். தாமத விலகலுக்கு மனு போடலாம். மருத்துவமனைக் குறிப்பு, இறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு போன்ற ஆதாரங்களும், டபிள்யூ கெடுவுக்குள் நீங்கள் ஏன் விலகவில்லை என்ற விளக்கமும் கேட்பார்கள். பல்கலைக்கழகம் பின்தேதியிட்டு எஃப்பை டபிள்யூ ஆக்கினாலும் டிஎஸ்ஓ பின்தேதியிட்டு ஆர்சிஎல் தர முடியாது. எனவே மனுவில் கையெழுத்திடும் முன் அந்த செமஸ்டரின் கிரெடிட் எண்ணிக்கை எவ்வளவு குறையும் என்று அவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்டேட்டஸ் போயிருந்தால் ஐ-539 படிவம் வழியாக ரீஇன்ஸ்டேட்மென்ட், அதாவது அதைத் திரும்பத் தரும்படி, கேட்கலாம். பொதுவாக ஸ்டேட்டஸ் போன ஐந்து மாதத்துக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.

இவற்றையெல்லாம் அப்பாவோ மாமாவோ சென்னையிலிருந்து ஃபோன் போட்டு விசாரிக்க முடியாது. 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி கல்விப் பதிவின் உரிமை மாணவருடையது, உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உங்கள் கிரேடைப் பற்றி அலுவலகத்தில் பேசமாட்டார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க நேர்ந்தால் நண்பர் ஒருவர் உங்களுக்காகப் பேச வேண்டியிருக்கும், அதற்கான சம்மதப் படிவத்தைச் சேர்ந்த மாதமே போட்டு வைப்பது நல்லது.

கிரேடு மாற்றம் முடிந்ததும் ஒரு வாரம் கழித்து அன்அஃபிஷியல் ட்ரான்ஸ்கிரிப்டை இறக்கிப் பாருங்கள். இன்கம்ப்ளீட் இருந்த இடத்தில் புதுக் கிரேடு ஏறியிருக்கிறதா, ஜிபிஏ மாறியிருக்கிறதா, டிகிரி ஆடிட்டில் (பட்டத் தேவைகளின் கணக்கில்) அந்தப் பாடம் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று மூன்றையும் சரிபாருங்கள். ஆர்சிஎல் பதிந்த ஐ-20, டிஎஸ்ஓ மின்னஞ்சல், இன்கம்ப்ளீட் ஒப்பந்தம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிப் பல்கலைக்கழகக் கணக்குக்கு வெளியே சேமியுங்கள். படிப்பு முடிந்த பிறகு அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள், எச்-1பி வேலை விசா மனுவின்போது மாணவ காலத்தில் ஸ்டேட்டஸ் காத்ததற்கு ஆதாரம் கேட்டால் இவைதான் கையில் இருக்க வேண்டியவை.